மறுமலர்ச்சிக்காலத் தொல்சிற்ப வரைவுகள்

பண்டைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து 15, 16ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் தீட்டிய பயிற்சிப் படங்கள் இவை. நல்ல ஓவியத்தைப் பார்த்து வரைவதைவிடச் சுமாரான சிற்பத்தைப் பார்த்து வரைவதே மேல் என்று இத்தாலியக் கலைக் கோட்பாட்டாளர் ஆல்பெர்ட்டி 1435இல் எழுதினார். ஓவியத்திலிருந்து உருவ ஒற்றுமை மட்டுமே கைவரும். சிற்பமோ ஒளி விழும் விதத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் என்பது அவர் வாதம்.

இத்தாலிய ஓவியர் பிசனெல்லோவின் பட்டறையினர் ரோமானியக் கல் சவப்பெட்டிகளின் புடைப்புச் சிற்பங்களிலிருந்து தனித்தனி உருவங்களை எடுத்து வரைந்தனர். பதுவா நகரில் ஓவியர் ஸ்குவார்ச்சோனே, சிலைகளின் சுதை வார்ப்புகளை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவரிடம் பயின்ற மாந்தேன்யாவின் மனிதர்கள் சதைபோல் இல்லை, சலவைக்கல்போல் இருக்கிறார்கள் என்று பின்னர் அந்த ஆசிரியரே குறைகூறியதாக, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். குறையில் உண்மை உண்டு. ஆனால் பழி ஆசிரியரையும் சேரும்.

1506 ஜனவரியில் ரோமின் எஸ்குவிலின் குன்றில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் லாவோகூன் என்னும் பழங்காலச் சிலைத்தொகுதி கிடைத்தது. பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி வருணித்த சிலை இதுவே என்று கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கல்லோ அடையாளம் கண்டார். உடன் மைக்கலாஞ்சலோவும் இருந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அதை வாங்கி வத்திக்கானின் பெல்வதேரே முற்றத்தில் நிறுவ, அம்முற்றம் ஓவியர்களின் பள்ளிக்கூடமாயிற்று. அங்கே சிற்பி பான்டினெல்லி நடத்திய பயிலகத்தை 1531ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் ஒன்று காட்டுகிறது: இரவு வேளை, மேசை நடுவே ஒரு மெழுகுவர்த்தி, அதைச் சுற்றி அமர்ந்து சின்னஞ்சிறு சிலைகளை வரைபவர்கள்.

நெதர்லாந்துக் கலைஞர் ஹேம்ஸ்கெர்க் 1532இல் ரோமுக்கு வந்து சில ஆண்டுகள் தங்கினார். மற்றவர்கள் உடைந்த கை கால்களை மனத்தால் ஒட்டவைத்து வரைந்தபோது, இவர் பெரும்பாலும் கண்டதைக் கண்டபடியே வரைந்தார். ரோமில் காலி குடும்பத்தாரின் தோட்டத்தை வரைந்த படத்தில் பழஞ்சிலைத் துண்டுகளுக்கு நடுவே மைக்கலாஞ்சலோ செதுக்கிய மதுக்கடவுள் பாக்கஸின் சிலை நிற்கிறது. அதன் வலக்கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. புதிய சிலையும் பழையதுபோலவே காட்சியளித்த அந்த நிலைக்கு இப்படமே சாட்சி. அந்தக் கை பின்னர் பொருத்தப்பட்டது.

பிற்காலப் பழுதுபார்ப்புகளுக்கு முன் சிலைகள் இருந்த கோலத்தை அறிய இவ்வரைவுகள் இன்று முதன்மைச் சான்றுகள். மறுமலர்ச்சிக்காலத்தார் அறிந்திருந்த தொல்சிற்பங்களின் பட்டியலைத் தொகுக்கும் பணி 1946இல் லண்டன் வார்பர்க் நிறுவனத்தில் தொடங்கியது; இப்போது பெர்லினில் நடைபெறுகிறது. ஹேம்ஸ்கெர்க்கின் ரோம் வரைவுகளில் பெரும்பகுதியும் பெர்லினிலேயே உள்ளது.