வார்டும் வகுப்பறையும்: செவிலியர் பணியும் செவிலியர் கல்வியும் பிரிந்து நிற்பதன் விலை

அரசு மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளியாகச் சேர்ந்தவரை மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்கள் பார்க்கிறார். மீதிப் பொழுதெல்லாம் நோயாளி செவிலியரின் பொறுப்பில் இருக்கிறார். காய்ச்சல் ஏறுவதும் மூச்சு வாங்கத் தொடங்குவதும் தையல் போட்ட இடம் சிவப்பதும் பெரும்பாலும் அந்த மீதிப் பொழுதில்தான். இது யாருக்கும் தெரியாத செய்தியன்று. ஆனால் இதன் உட்பொருளை நம் சுகாதார நிர்வாகமும் கல்வித் திட்டமும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிர்வாகத்தின் கண்ணில் செவிலியர் என்பவர் கேஸ் ஷீட்டில் எழுதியதை நிறைவேற்றும் கை. கல்லூரியின் கண்ணில் அவர் பாடம் படித்துத் தேர்வெழுதிப் பட்டம் பெற்று வெளியேறுகிறவர். செவிலியம் தனக்கே உரிய அறிவைக் கொண்ட துறை என்பதும், அந்த அறிவு நோயாளியின் படுக்கையருகே பிறந்து அங்கேயே சோதிக்கப்படுவது என்பதும், எனவே பணியையும் கல்வியையும் இரு தனி வரிசைகளாகப் பிரித்து வைத்திருக்கும்வரை இரண்டுமே மெலியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்று பார்க்க ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்குப் போகலாம். இரவு டூட்டியில் இருப்பவர் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுகிறார். நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்க்கிறார். அடுத்த இரண்டு மணி நேரம், கால்மணிக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா என்று தொட்டறிகிறார். துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணளவால் மதிப்பிடுகிறார். 500 மில்லிக்கு மேல் போனால் அதிக ரத்தப்போக்கு என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் ரத்தசோகையோடு வந்த பெண்ணுக்கு அந்த வரம்பைத் தொடும் முன்பே ஆபத்து வந்துவிடும். தாகமாக இருக்கிறது என்கிறாள், படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறாள், நாடி வேகமெடுக்கிறது. ரத்த அழுத்தமோ இன்னும் சரியாகவே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் சந்தேகப்படத் தெரிந்தவர்தான் கருப்பையைத் தேய்த்துவிட்டு, இன்னொரு டிரிப் ஏற்றி, 108-க்குச் சொல்லி அனுப்புவார். அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருப்பவருக்கு நேரம் போதாது. மருத்துவர் வந்து சேரும்போது அந்தத் தாயின் விதி பாதி எழுதப்பட்டுவிட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 111 என்று 2004–06 காலத்தில் இருந்த தாய் இறப்பு விகிதம் 2018–20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கிகள், ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரித்துப் பதிவு செய்யும் நடைமுறை. இவற்றுக்கு இணையாக வைத்துப் பேசவேண்டிய, ஆனால் குறைவாகவே பேசப்படும் காரணம் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்ட் முறையில் அமர்த்தி, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் இடங்களாக அவற்றை மாற்றியது இம்மாநிலம். இரவில் திறந்திருக்கும் கதவும், அதற்குள் விழித்திருக்கும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்ததால்தான் மற்றத் திட்டங்கள் பயன்பட்டன.

வேறொரு முனையிலிருந்தும் இதைப் பார்க்கலாம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே கொடிய தாக்குதலுக்கு ஆளாகி மூளை சேதமடைந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு மேல் அவரை அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்தார்கள். அவருக்குக் கருணைக்கொலை கோரிய வழக்கின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களைப் பெரிதும் பாராட்டியது. அத்தனை ஆண்டு படுக்கையில் கிடந்தும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பது அந்த வழக்கின் பதிவில் உள்ள செய்தி. இதை அன்பின் சாட்சியமாக மட்டும் படிப்பது அந்தச் செவிலியர்களுக்குச் செய்யும் குறைவு. முதுகுத்தண்டின் அடியிலும் குதிகாலிலும் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் தோலில் ரத்த ஓட்டம் சில மணி நேரத்திலேயே தடைபடும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இழுத்துத் திருப்பினால் தோல் உரியும். தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஈரம் தங்கக்கூடாது, உணவில் புரதம் குறையக்கூடாது, அழுத்தினால் வெளுக்காத சிவப்பு எங்கே தெரிகிறது என்று தினமும் பார்க்கவேண்டும். நாற்பது ஆண்டு இதில் தவறாமல் இருப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டுக்கு அறிவைக் கைமாற்றும் ஒழுங்கு வேண்டும்.

இந்த அறிவின் பலனை எண்ணிக்கையில் காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஏய்க்கன். அவருடைய குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளையும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் வைத்துச் செய்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடும் இடத்தில் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. ஆள் எண்ணிக்கையும் கல்வியும் தனித்தனியே உயிர் காக்கின்றன என்பதே இதன் பொருள்.

மேலைநாட்டுக் கணக்கு நம் வார்டுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வார்டுகளில் நோயாளியோடு தங்கும் மனைவியோ அண்ணனோ மகளோதான் கஞ்சி ஊட்டுகிறார், துடைத்துவிடுகிறார், டிரிப் தீரப்போகிறது என்று ஓடிவந்து சொல்கிறார். பெரும்பகுதிப் பராமரிப்பு அட்டெண்டர் கையில் இருக்கும்போது செவிலியர் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமா? எனக்கு இது எதிர்த்திசையில் போகும் வாதமாகவே படுகிறது. பயிற்சியற்ற ஒருவரிடம் இத்தனை வேலையை ஒப்படைக்கும் அமைப்பில் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இன்னும் அதிகமாக வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்தபடியே தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று அந்த மகளுக்கு யார் சொல்வது? இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் போடக்கூடாது என்பதை வீடு திரும்பும் முதியவரின் கையைப் பிடித்து யார் காட்டுவது? மக்களுக்கான சுகாதாரக் கல்வி என்று நாம் சுவரொட்டிகளில் தேடுவது, நடைமுறையில் செவிலியருக்குக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடம்தான். ஆள் குறையும்போது முதலில் காணாமல் போவதும் அதுவே.

இனிக் கல்விக்கு வருவோம். சென்னையில் 1854இலேயே மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கிடைத்தது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவிய முறை, மாணவியை மருத்துவமனைக்குள் வைத்துப் பழக்குவது. அந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. மாணவிகள் சம்பளமில்லா வேலையாட்களாகவும் ஆனார்கள். படிப்பு வார்டின் அவசரத்துக்குப் பின்னே நின்றது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையைப் பதிவு செய்தது. அதே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. மாணவியை மாணவியாக நடத்தவேண்டும் என்ற கோரிக்கை அதில் நிறைவேறியது.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. கல்லூரி பெருகப் பெருக, அது மருத்துவமனையிலிருந்து விலகி நிற்கும் நிறுவனமாயிற்று. கல்லூரியில் கற்பிப்பவருக்கு வார்டில் அதிகாரம் கிடையாது. வார்டை நடத்தும் தலைமைச் செவிலியருக்குப் பாடத்திட்டத்தில் குரல் கிடையாது. மாணவி கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வருகிறார்; ஒரு நோயாளியைத் தேர்ந்து, பல பக்கங்களில் கேர் பிளான் எழுதுகிறார்; அது மதிப்பெண்ணுக்காக ஆசிரியரிடம் போகிறது. அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாஃப் நர்ஸ் அதைப் படிப்பதில்லை, அவருக்கு அது காட்டப்படுவதும் இல்லை. படித்த முறை ஒன்று, வார்டில் நடக்கும் முறை இன்னொன்று என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் பெண் முதல் வாரத்திலேயே உணர்கிறார். படித்ததை மறப்பதுதான் தேர்ச்சி என்று அவருக்குச் சொல்லாமல் சொல்லப்படுகிறது.

மருத்துவக் கல்வியில் இப்படியில்லை. மருத்துவக் கல்லூரியின் பேராசிரியரே யூனிட் சீஃப். காலையில் ரவுண்ட்ஸில் நோயாளியைப் பார்ப்பவரும், மதியம் வகுப்பெடுப்பவரும், தேர்வில் கேள்வி கேட்பவரும் ஒருவரே. இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அறுவை சிகிச்சை செய்யாத அறுவை சிகிச்சைப் பேராசிரியரை நாம் கற்பனை செய்யவும் மாட்டோம். நோயாளியைத் தொடாத செவிலியப் பேராசிரியரை மட்டும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். இது மாற முடியாத விதியன்று என்பதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியே சான்று. ஐடா ஸ்கடர் 1909இல் அங்கே தொடங்கிய செவிலியர் பள்ளி பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தபோது, கற்பித்தலும் வார்டுப் பொறுப்பும் ஒரே அமைப்புக்குள் இணைத்து வைக்கப்பட்டன. துறையில் கற்பிப்பவர்கள் அத்துறையின் வார்டுகளுக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள். வகுப்பில் சொன்னது வார்டில் நடக்கவில்லையென்றால் அது வேறு யாருடைய தவறும் அல்ல என்ற நிலை அங்கே உண்டு.

இணைப்பு மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு வகுத்திருக்கிறது. ஒரு முழு வார்டை இரவில் இருவர் பார்க்கும் இடத்தில் எந்தக் கல்வியும் நிலைக்காது. இருக்கும் நேரத்திலும் இன்டென்ட் போடுவது, ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவது, துணி எண்ணுவது என்று பாதி போய்விடுகிறது. சரோஜினி வரதப்பன் தலைமையில் 1987இல் மத்திய அரசு அமைத்த உயர்நிலைக் குழு இதையெல்லாம் ஆராய்ந்து பரிந்துரை தந்தது. அவற்றில் பல இன்றும் புதிய கோரிக்கைகளாகவே ஒலிப்பது வேதனை தருகிறது.

ஊதியமும் இதில் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். தனியார் துறையைப் பற்றி, உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கை கொண்ட மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. படித்த செவிலியர்கள் படுக்கையருகே தங்குவதில்லை, வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள், ஆகவே பட்டம் வீண் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் போவது படிப்பால் அன்று. இங்கே படுக்கையருகே இருப்பவருக்கு அனுபவம் ஏறினாலும் உயர வழியில்லை. உயரவேண்டுமென்றால் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ போகவேண்டும். மிகத் திறமையானவரை நோயாளியிடமிருந்து எடுத்துவிடுவதையே பதவி உயர்வு என்கிறோம்.

கிராமத்திலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. துணைச் செவிலியர் முதலில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர். 1973இன் கர்த்தார் சிங் குழுவுக்குப் பின் அவர் பல்நோக்கு சுகாதாரப் பணியாளரானார். குடும்பநலம், தடுப்பூசி, கணக்கெடுப்பு எல்லாம் அவர் தோளில் ஏறின. பயிற்சிக் காலமோ பின்னர் குறைந்தது. பிரசவம் பார்க்கும் திறன் கைவிட்டுப் போயிற்று. அதை மீட்கவே மத்திய அரசு 2018இல் பேறுகாலச் செவிலிய நிபுணர்களுக்கான பதினெட்டு மாதப் பயிற்சியை அறிவிக்க வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வலி தணிப்புச் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த வீட்டில் அவர் பார்ப்பதையும் முடிவெடுப்பதையும் எந்தச் செவிலியர் கல்லூரி பாடமாக்கப்போகிறது?

இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலிய, பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆணையத்தின் விதிகளில் கூட்டு நியமனம் கட்டாயமாக வேண்டும்: செவிலிய ஆசிரியர் ஒவ்வொருவரும் வாரத்தில் குறிப்பிட்ட நாள் ஒரு வார்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும், மூத்த வார்டுச் செவிலியர் படுக்கையருகே இருந்தபடியே ஆசிரியர் நிலைக்கும் அதற்குரிய ஊதியத்துக்கும் உயர வேண்டும். மாணவியின் கேர் பிளான் கேஸ் ஷீட்டின் பகுதியாக வேண்டும். சென்னை, மதுரை போன்ற இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரியும் செவிலியர் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. அங்கே ஓர் அறுவை சிகிச்சை வார்டையும் ஒரு மகப்பேறு வார்டையும் எடுத்து, ஓராண்டு இம்முறையில் நடத்தி, படுக்கைப் புண், மருந்துப் பிழை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கண்டுபிடிக்க ஆன நேரம் ஆகியவற்றை அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வெளியிடலாம். அந்தக் கணக்கை எடுக்கவேண்டியவர்களும் எழுதவேண்டியவர்களும் அந்த வார்டின் செவிலியர்களே.