கைப்பிடி போன அடிபம்பு

லண்டன் சோஹோவில், பிராட்விக் தெருவில் கைப்பிடி இல்லாத ஒரு மாதிரி அடிபம்பு நிற்கிறது. கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 1854ல் அங்கே காலரா. அந்த பம்புத் தண்ணிதான் காரணம்னு டாக்டர் ஜான் ஸ்நோ சொன்னார், செப்டம்பர் 8ஆம் தேதி கைப்பிடியைக் கழட்டினாங்க, காலரா நின்னுடுச்சு. சுபம் :-)

நிஜம் அவ்வளவு சுலபமில்லை. பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்து, மிச்சம் பேர் தெருவையே காலி பண்ணிட்டுப் போனதால், கைப்பிடியைக் கழட்டும் முன்னாடியே சாவு குறைஞ்சிருந்தது. இதை ஸ்நோவே எழுதியிருக்கார். அப்போ கழட்டினது தண்டமா?

ஹென்றி வைட்ஹெட்னு ஒரு பாதிரியார், அதே ஏரியாக்காரர். ஸ்நோ சொன்னது தப்புன்னு காட்டத்தான் விசாரிக்கக் கிளம்பினார். 1855ல் சாவுக் கணக்கைப் புரட்டினபோது, பம்பை ஒட்டின 40ஆம் நம்பர் வீட்டில் ஒரு கைக்குழந்தை பேதியில் இறந்தது கண்ணில் பட்டது. அம்மாவைப் போய்க் கேட்டார். குழந்தை துணி அலசின தண்ணியை நிலவறை முன்பக்கத்து மலக்குழியில் ஊத்தினதா அவங்க சொன்னாங்க. தோண்டிப் பார்த்தால் செங்கல்லெல்லாம் இத்துப்போயிருக்கு. குழிக்கும் கிணத்துக்கும் நடுவே மூணடி கூட இல்லை!

அந்தக் குழந்தையோட அப்பாவுக்குக் காலரா கண்டது எந்த நாள் தெரியுமா? அதே செப்டம்பர் 8. அவர் கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். கைப்பிடி மட்டும் இருந்திருந்தால் இன்னொரு ரவுண்டு வந்திருக்கும்னு வைட்ஹெட் பின்னாடி எழுதினார். எனக்கும் அப்படித்தான் படுது.