துறைமுக வரியில் மூழ்கிய கடற்படை: ரோட்ஸ் தீவின் கதை

கி.மு. 160களின் நடுவில் ஒரு நாள். ரோம் நகர செனட் சபையில் ரோட்ஸ் தீவின் தூதர் ஆஸ்டிமீடஸ் எழுந்து நின்று கணக்கு ஒப்பிக்கிறார். எங்கள் துறைமுக வரி முன்பு 10 லட்சம் திராக்மா, இப்போது வருவது 1.5 லட்சம்தான், பட்டது போதும், இனியாவது கோபத்தை விடுங்கள் என்பது பேச்சின் சாரம். வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

கிரேக்கக் கடற்படை என்றாலே நமக்கு ஏதென்ஸும் சலாமிஸ் போரும்தான் ஞாபகம் வரும். ஏதென்ஸ் கடலில் தோற்று வீழ்ந்தது. அது புரியக்கூடிய விஷயம். ரோட்ஸ் அப்படி இல்லை. சாம்ராஜ்யங்களோடு மோதி நின்ற கடற்படை அது. அதை முடக்கியது ஒரு கடற்போர் அல்ல, ஒரு சுங்க உத்தரவு. எனக்கு ரோட்ஸ் மேல் ஆர்வம் வந்ததே இதனால்தான்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலையை ஒட்டி இருக்கிறது தீவு. கி.மு. 408இல் லிண்டோஸ், இயலிசோஸ், காமிரோஸ் என்ற மூன்று ஊர்களும் சேர்ந்து வடமுனையில் ரோட்ஸ் நகரத்தை உருவாக்கின. அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்தில் அலெக்சாந்திரியா வளர்ந்ததும் யோகம் அடித்தது. எகிப்தின் தானியம் ஏஜியன் கடலுக்குள் போகும் வழியில் ரோட்ஸ் உட்கார்ந்திருந்தது. வருகிற கப்பலெல்லாம் தங்கும், சரக்கு கைமாறும், வரி கட்டும்.

இந்த வியாபாரத்துக்காக அவர்கள் உயிரையே பணயம் வைத்தார்கள். எகிப்தின் டாலமிக்கு எதிராகச் சேர மறுத்ததால் கி.மு. 305இல் டிமெட்ரியஸ் படையெடுத்து வந்தான். ஒன்பது அடுக்கு கொண்ட சக்கரக் கோபுரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு மதிலை இடித்தான். அதைத் தள்ளவே 3400 பேர் தேவைப்பட்டார்களாம். ஊர்க்காரர்கள் அடிமைகளிடமும் ஆயுதம் கொடுத்தார்கள். நன்றாகப் போராடியவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தன. சுமார் ஒரு வருடம் முட்டிமோதிவிட்டு டிமெட்ரியஸ் சமாதானம் பேசினான். எங்கள் உதவி உண்டு, ஆனால் டாலமிக்கு எதிராக மட்டும் கிடையாது என்று அப்போதும் பிடிவாதமாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் விட்டுப்போன போர்க்கருவிகளை விற்ற காசில் எழுப்பியதுதான் ஏழு அதிசயங்களில் ஒன்றான சூரியதேவன் சிலை. எதிரி போட்ட இரும்பையும் மரத்தையும் காசாக்கிச் சாமிக்குச் சிலை வைத்த வியாபாரிகள்!

கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் அந்தச் சிலை முழங்காலோடு முறிந்து விழுந்தது. நகரமும் நொறுங்கியது. அப்போது நடந்ததுதான் ரோட்ஸின் உண்மையான பலத்தைக் காட்டுகிறது. ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த ராஜாக்கள் அத்தனை பேரும் உதவி அனுப்பினார்கள். டாலமி 300 தாலந்து வெள்ளியும், கப்பல் கட்ட மரமும், மலைபோலத் தானியமும் தருவதாகச் சொன்னார். சிராக்யூஸ் அரசர் பணம் கொடுத்ததோடு ரோட்ஸ் கப்பல்களுக்குச் சுங்கவரியையும் தள்ளுபடி செய்தார். எல்லாம் பாசமா? பாதி பாசம், பாதி கணக்கு. ரோட்ஸ் விழுந்தால் எல்லோருடைய கடல்வழிக்கும் காவல் போய்விடும்.

ஏனென்றால் கடற்கொள்ளையரை அடக்கி வைத்திருந்தது ரோட்ஸ்தான். பெரிய பெரிய கப்பல்களில் ராஜாக்கள் பெருமை தேடிய காலத்தில், இவர்கள் கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடிக்கிற வேகமான சிறு போர்க்கப்பல்களுக்குப் பேர் போனவர்கள். கப்பல் கட்டும் தளத்தின் சில பகுதிகளுக்குள் வேற்றாள் நுழைந்தால் மரண தண்டனை. ஏழைகளுக்குப் பணக்காரர்கள் உணவளிப்பது ஊர் வழக்கம். அதனால் கடற்படைக்கு ஆள் பஞ்சம் வரவில்லை என்கிறார் ஸ்ட்ராபோ. தர்மமும் உண்டு, அதில் ஒரு முதலீடும் உண்டு.

கி.மு. 220இல் பைசாண்டியம், கருங்கடலிலிருந்து வரும் கப்பல்களுக்கு வழிச்சுங்கம் போட்டது. கப்பல்காரர்கள் ஓடிவந்து முறையிட்டது ரோட்ஸிடம்தான். ரோட்ஸ் போரிட்டு அந்தச் சுங்கத்தை எடுக்க வைத்தது. இந்தச் சுங்கச் சண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் புயல் வந்து, கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைத் தூக்கி எறிய நேர்ந்தால், அந்த நஷ்டத்தை எல்லாச் சரக்குக்காரர்களும் பங்கிட வேண்டும் என்ற விதியை ரோமானியச் சட்டநூல்கள் ரோட்ஸின் பேரிலேயே சொல்கின்றன. 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கிக்கொண்டதே, அதன் மீட்புச் செலவைச் சரக்குக்காரர்கள் தலையிலும் பங்கு போட்டது இந்த விதியின் வழிவந்த வழக்கப்படிதான்.

சரி, வீழ்ச்சிக்கு வருவோம். ரோட்ஸ் ரோமின் நண்பன். கி.மு. 190இல் மூன்றாம் ஆன்டியோகஸுக்கு எதிரான போரில், சைட் நகரத்துக்கு அருகே எதிரிக் கப்பல்களோடு வந்தது யார் தெரியுமா? நாடு கடந்து வாழ்ந்த ஹன்னிபால். அவரைக் கடலில் தோற்கடித்தது ரோட்ஸ் படை. பரிசாக எதிர்க்கரையில் காரியா, லிசியா என்று பெரிய நிலப்பரப்பே கிடைத்தது. அங்கேதான் சனி பிடித்தது என்பேன். கப்பலோட்டிகள் நிலச்சுவான்தார் ஆனார்கள், ஆளப்பட்ட லிசியர்கள் ரோமில் போய்ப் புகார் சொன்னார்கள்.

அடுத்து ரோமுக்கும் மாசிடோனியாவின் பெர்சியஸுக்கும் போர் மூண்டது. போர் இழுத்துக்கொண்டே போக, வியாபாரம் படுத்தது. கி.மு. 168இல் சமரசம் பேச ரோட்ஸ் தூதர்கள் ரோமுக்குப் போனார்கள். செனட் அவர்களை உள்ளே கூப்பிட்டபோது, பிட்னா போர்க்களத்தில் ரோம் ஏற்கனவே ஜெயித்திருந்தது! கல்யாணம் முடிந்த பிறகு நாள் பார்க்க வந்த கதை. சண்டையை நிறுத்தச் சொல்ல வந்தோம், அதுவே நின்றுவிட்டது, சந்தோஷம் என்று வாழ்த்துச் சொல்லிச் சமாளித்தார்கள். செனட் நம்பவில்லை.

ரோட்ஸ் மேல் போர் தொடுக்கணும் என்றே ஒரு ரோமானிய அதிகாரி கிளம்பினார். கேட்டோ குறுக்கே நின்றார். மனதில் நினைத்ததற்கு யாரையாவது தண்டிப்பார்களா என்பது அவருடைய வாதம். போர் நின்றது, தண்டனை நிற்கவில்லை. நிலப்பரப்பு பறிபோனது. டீலோஸ் என்ற குட்டித் தீவை ஏதென்ஸிடம் கொடுத்து, சுங்கமே இல்லாத துறைமுகம் என்று ரோம் அறிவித்தது. அவ்வளவுதான். வரி இல்லாத இடம் பக்கத்திலேயே இருக்க, எந்த வியாபாரி ரோட்ஸில் வரி கட்டுவான்? பைசாண்டியத்தின் சுங்கத்தை எடுக்க வைத்த ஊரை, சுங்கமே இல்லாத தீவு சாய்த்தது.

துறைமுக வரிதான் ரோந்துக் கப்பல்களுக்குச் சோறு. அது போனதும் ரோந்து இளைத்தது, சிலீசியக் கடற்கொள்ளையர் கொழுத்தார்கள். அவர்கள் பிடித்த மனிதர்களை வாங்கிய சந்தையும் அதே டீலோஸ்தான். ஒரு நாளில் பத்தாயிரக்கணக்கான அடிமைகள் கைமாறக்கூடிய இடம் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். வாங்கியவர்களில் ரோமானியர் ஏராளம், அதனால் ரோமும் ரொம்ப காலம் கண்டுகொள்ளவில்லை. கி.மு. 75 வாக்கில் ஜூலியஸ் சீசரையே கொள்ளையர் பிடித்துப் பணயத்தொகை வாங்கினார்கள். சூட்டோனியஸ் சொல்வதை நம்பினால், அப்போது சீசர் பேச்சுக்கலை படிக்கப் போய்க்கொண்டிருந்த இடம் ரோட்ஸ்! கி.மு. 69இல் டீலோஸையே கொள்ளையர் சூறையாடினார்கள். கடைசியில் கி.மு. 67இல் பாம்பேக்கு அசாதாரண அதிகாரம் கொடுத்துத்தான் கடலைச் சுத்தம் செய்ய முடிந்தது.

ரோட்ஸ் அதற்குள் கல்விக்கூடங்களின் ஊராகிவிட்டது. இருந்த கொஞ்சக் கப்பல்களும் கி.மு. 42இல் போயின. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான காசியஸ், தன் போருக்குப் பணம் தேடி வந்தார். இளமையில் அதே ஊரில் கிரேக்கம் படித்தவர் அவர். பாடம் சொல்லிக்கொடுத்த ஆர்கெலாஸையே தூது அனுப்பினார்கள். வயதான ஆசிரியர் மாணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பலிக்கவில்லை. கப்பல்கள், கஜானா, கோயில் பொன் எல்லாவற்றையும் காசியஸ் வாரிக்கொண்டார். சூரியனுடைய தேரை மட்டும் விட்டுவைத்தாராம்.