கூவக் கரையும் உயர்மலைக் காற்றும்

சிந்தாதிரிப்பேட்டை, உடலுழைப்பை நம்பி எழுப்பப்பட்ட குடியிருப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்துக்காக நெசவாளர்களையும் நூற்போரையும் ஓரிடத்தில் குடியமர்த்த, 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்டன் பிட்டின் காலத்தில், கூவம் வளைந்தோடும் தோட்ட நிலத்தில் அது அமைக்கப்பட்டது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே மருவி இன்றைய பெயராயிற்று என்பர். ஆற்றுக்கு அப்பால், 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம் 1960-களில் அக்கல்லூரி வளாகத்திலிருந்துதான் இயங்கியது. பின்னரே அது டெல்லிக்கு இடம் மாறியது. கடும் வெப்பத்திலும் குளிரிலும் மலையுயரத்திலும் உழைக்கும் உடல் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்விக்கான நாட்டின் முறையான ஆய்வு, கடல் மட்டத்தை ஒட்டிய இந்த ஆற்றங்கரையில் சில ஆண்டுகள் தங்கிச் சென்றது.

அக்கேள்விக்கு அப்போது மிகுந்த அவசரம் இருந்தது. 1962-ஆம் ஆண்டுப் போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைந்து கொண்டு செல்லப்பட்ட வீரர்கள் தலைவலியாலும் மூச்சுத் திணறலாலும் நுரையீரலில் நீர் கோத்தலாலும் துன்புற்றனர். அத்தகைய 1,925 வீரர்களைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்மலை நோய் குறித்த உலக இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது. அடிப்படைக் காரணத்தை 1878-இலேயே பிரெஞ்சு அறிஞர் பால் பேர் விளக்கியிருந்தார். எந்த உயரத்திலும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜனே இருக்கிறது. ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் மொத்த அழுத்தம் குறைவதால், அதில் ஆக்சிஜனின் பங்காக அமையும் அழுத்தம், அதாவது பகுதி அழுத்தம், தாழ்ந்து, நுரையீரலிலிருந்து குருதிக்குள் புகும் ஆக்சிஜனும் குறைகிறது. சென்னையில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும் காற்றழுத்தம், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் 580 அளவுக்கு இறங்குகிறது. அங்கு ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான்.

அதே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் 1968-இல் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, படைவீரரின் இடர் ஓட்டக்காரரின் இடராக மாறியது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் உலகச் சாதனைகள் பல படைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 10,000 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் மயங்கி விழ, மேட்டுநிலங்களில் வளர்ந்த கென்யாவின் நஃப்தாலி தெமுவும் கிப் கெய்னோவும் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் தங்கம் வென்றனர். மலையில் பயிற்சி பெறும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் வேரூன்றியது. இந்திய நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு அந்த மலை நீலகிரியாகவும் அமைந்தது. சென்னையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய உதகையின் உயரம் மெக்சிகோ நகரின் உயரத்தோடு ஒத்திருப்பது, தமிழ்நாட்டுக்கு இயற்கை அளித்த பேறு.

இப்பயிற்சியின் பயனைக் குருதியைக் கொண்டே விளக்குவது தொடக்க கால வழக்கம். ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்க, அது எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆனால் தசைக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்கிறது என்பதற்கான தடயம் 1935-இல் சிலி நாட்டின் மலைகளுக்குச் சென்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவுக்குக் கிடைத்திருந்தது. ஆக்சிஜன் போதாதபோது தசை குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதற்கு மாறாக, உயரத்துக்குப் பழகியவர்கள் முழு மூச்சாக உழைத்தபோதும் அவர்களது குருதியில் அந்த அமிலம் குறைவாகவே சேர்ந்தது. ‘லாக்டேட் முரண்’ எனப் பெயர் பெற்ற இந்தப் புதிர் பல பத்தாண்டு விவாதத்துக்கு வித்திட்டது.

உயிரணு ஆக்சிஜன் குறைவை எவ்வாறு உணர்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. போதிய ஆக்சிஜன் இருக்கும்வரை அழிக்கப்பட்டுக்கொண்டேயிருக்கும் ஹெச்.ஐ.எஃப்.-1 என்னும் புரதம், ஆக்சிஜன் குறைந்ததும் நிலைத்துநின்று, குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகளையும் புதிய நுண்குழாய்களையும் தோற்றுவிக்கும் மரபணுக்களை இயக்குகிறது. இந்த உணர்வு முறையைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே அளவு ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பிலிருந்து பெறுவதைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலைச் சர்க்கரையிலிருந்து பெறலாம் என்பதால், ஆக்சிஜன் அரிதான இடத்தில் தசை குளுக்கோஸை நாடுவது சிக்கனத்தின் வழியாகவும் அமைகிறது.

எனினும் உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. இமயச் சிகரங்களில் நெடுநாள் தங்கியவர்களின் தசை மெலிந்து, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் குறைவதைச் சுவிஸ் ஆய்வாளர்கள் கண்டனர். மேலும், மலையில் ஓடுபவரின் வேகம் தவிர்க்க முடியாதபடி குறைவதால் பயிற்சியின் கடுமையும் தளர்கிறது. இதற்கு ஒரு மாற்று வழியை ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில், நான்கு வாரங்கள் 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்தவர்களே கடல் மட்டத்தில் 5,000 மீட்டர் ஓட்டத்தை முன்னிலும் விரைவாக முடித்தனர். ‘உயரத்தில் வாழ்க, தாழ்வில் பயில்க’ என்னும் நெறி இவ்வாறு பிறந்தது. இதற்கு நேரெதிராக, தாழ்வில் வாழ்ந்துகொண்டே ஆக்சிஜன் குறைக்கப்பட்ட அறையில் சிறிது நேரம் கடுமையாகப் பயில்வதும் தசையின் மரபணுச் செயற்பாட்டை மாற்றுகிறது என்பதைச் சுவிட்சர்லாந்தின் பிற்கால ஆய்வுகள் காட்டின.

உயரம் தானாகவே வலிமை தருவதில்லை என்பதும், அது விதிக்கும் பற்றாக்குறைக்கு ஏற்பத் தன் எரிபொருளையும் அமைப்பையும் திருத்திக்கொள்ள அளவோடு வாய்ப்புப் பெறும் தசையே பயனடைகிறது என்பதும் இவ்வரலாறு முழுவதிலும் தெளிவாகின்றன. மலையில் நேரும் மாற்றத்தை மதிப்பிடுவதற்கு உரிய அளவுகோல், காற்று நிறைவாக இருக்கும் கடல் மட்டமே. அந்த வகையில், தறிக்காரரின் கைவலிமையை நம்பி எழுந்த பேட்டையின் எதிர்க்கரையில் உழைக்கும் உடலைப் பற்றிய ஆய்வு ஒரு காலத்தில் தங்கியிருந்தது என்பது, சென்னை மக்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி.