மெட்ராய்டுவேனியா

வீடியோ கேம் வகைகளுள் ஒன்று. பக்கவாட்டில் விரியும் உலகத்தில் ஓடி, தாவி, சண்டையிட்டு வழி தேடுவதே இதன் ஆட்டம். அந்த உலகம் பெரும்பாலும் இருண்டது: பாழடைந்த கோட்டை, மண்ணுக்கடியில் புதைந்த நகரம், ஆளரவமற்ற கோள். கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. எல்லாம் ஒரே நிலப்பரப்பில் பின்னிக் கிடக்கும். எட்டாத மேடு எதிர்ப்படும். ஆட்டக்காரர் அதை மனத்தில் குறித்துக்கொண்டு வேறு பக்கம் போவார். பல மணி நேரம் கழித்து இரட்டைத் தாவலோ சுவரேறும் திறனோ கைவந்ததும் அங்கே திரும்பி வருவார். இந்தத் திரும்பி வருதல்தான் இவ்வகையின் உயிர். சண்டைக்கு இரண்டாம் இடமே.

தோற்றம்

நின்டெண்டோ நிறுவனம் 1986 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானில் வெளியிட்ட 'மெட்ராய்டு' இவ்வகையின் முதல் பெரும் படைப்பு. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) திரைப்படத்தின் பாதிப்பு அதில் வெளிப்படை. ஹிரோகசு தனாகாவின் இசை உற்சாகமூட்ட முயலாமல் தனிமையை உணர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் கடந்த திரைக்குத் திரும்பிச் செல்லவே முடியாது; எப்போதும் வலப்பக்கம்தான் பயணம். மெட்ராய்டிலும் அப்படியே வலப்பக்கம் போனால் தாழ்வான இடுக்கு ஒன்று மறிக்கும். தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கம் நடந்தால், உடலைப் பந்தாகச் சுருட்டும் திறன் அங்கே காத்திருக்கும். எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லை. வந்த வழியே திரும்பவும் போகலாம் என்பதை ஆட்டமே கற்றுக்கொடுத்தது. வீடியோ கேம் வரலாற்றில் இதைவிட அழகான பாடம் அரிது.

அந்த ஆட்டத்தில் வரைபடம் கிடையாது. தாளில் தாமே வரைந்துகொண்டவர்கள் பலர். தூத்துக்குடிக் கரையில், நீருக்கடியில் கிடக்கும் பாரின் (பாறைத்திட்டின்) இடத்தைக் கரையில் தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளும் கடலோடியின் அறிவு போன்றது இது. இந்த நினைவை இயந்திரமும் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானியப் பதிப்பு வட்டில் ஆட்டத்தைச் சேமித்தது. வட்டு வசதியில்லாத அமெரிக்கப் பதிப்பிலோ 24 எழுத்துக் கடவுச்சொல்லைப் பிழையின்றி எழுதி வைத்தால்தான் மறுநாள் தொடர முடியும்.

'சூப்பர் மெட்ராய்டு' (1994) வரைபடத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. கொனாமியின் 'காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்' (1997) ஒரே கோட்டையை முழு உலகமாக்கியது, கோட்டை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மறுபடி தேட வைத்தது. இவ்விரு தொடர்களின் பெயர்களும் சேர்ந்தே வகையின் பெயராயின. ஆனால் சிம்பொனியை உருவாக்கியவர்களுள் ஒருவரான கோஜி இகராஷி, தமக்குத் தூண்டுதலாகச் சொல்வது 'செல்டா' தொடரை.

தமிழ்நாட்டில்

1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த டிவி கேம்கள் பெரும்பாலும் நின்டெண்டோ இயந்திரத்தின் நகல்கள். மாரியோவும் 'கான்ட்ரா'வும் நிறைந்த கேசட்டுகளில் விட்ட இடத்தைச் சேமிக்கப் பெரும்பாலும் வழியில்லை. கேம் கடைகளில் மணிக்கணக்கில் வாடகை. அடுத்தவர் முறை வந்தால் எழுந்துவிட வேண்டும். நாள்கணக்கில் ஒரே உலகத்தை மனத்தில் சுமக்கக் கேட்கும் ஆட்டம் அந்தச் சூழலில் வேர்விடாததில் வியப்பில்லை.

அதன் நெருங்கிய உறவினர் ஒருவர் மட்டும் கணினி வழியாக வந்தார். ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', டாஸ் பதிப்பாக ஃபிளாப்பிகளில் கைமாறிப் பள்ளி, அலுவலகக் கணினிகளை அடைந்தது. இருட்டுச் சிறை, முள் குழி, இடிந்து விழும் தளம். தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து அசைவுகளை வரைந்தார் மெக்னர். இளவரசியை மீட்க 60 நிமிடம்தான் அவகாசம். அதுவே ஒரு பாடவேளைக்குள் அடங்காது.

2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஓட்டப்பிடாரம் போன்ற வட்டத் தலைநகரங்களின் அரசுப் பள்ளி மாணவர் வீட்டுக்கும் கணினி வந்தது. படிப்புக்கென்று தரப்பட்டதுதான்; ஆனாலும் விட்ட இடத்தில் நாளை தொடரலாம் என்ற உரிமையும் அதனோடு சேர்ந்தே வந்தது. இவ்வகை ஆட்டத்துக்கு முதல் தேவை அதுதான்.

மறுமலர்ச்சி

எளிய கணினிக்கேற்ற ஆட்டங்கள் அந்த மடிக்கணினிகள் வருவதற்குள் உருவாகியிருந்தன. டைசுகே அமாயா தனியொருவராக ஐந்தாண்டு உழைத்து 2004இல் 'கேவ் ஸ்டோரி'யை இலவசமாக வெளியிட்டார். கடலடியில் நடக்கும் 'அக்வாரியா' 2007இல் வந்தது. முத்துக்குளித்துறைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் ஆட்டம் இது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்னும் சிறு குழு 2017 பிப்ரவரி 24 அன்று 'ஹாலோ நைட்' ஆட்டத்தை வெளியிட்டது. அழிந்துபோன பூச்சிகளின் நாடான ஹாலோநெஸ்ட் இதன் களம். புதிய பகுதிக்குள் நுழைந்தால் கையில் வரைபடம் இராது. தரையில் சிதறிய தாள்களையும் தூரத்தில் கேட்கும் முணுமுணுப்புப் பாட்டையும் பின்தொடர்ந்தால் கார்னிஃபர் என்னும் வரைபடக்காரரைக் காணலாம். அவர் விற்பது அரைகுறைப் படம். இறகுப் பேனா வாங்கியபின் இருக்கையில் அமரும்போதுதான் மீதி நிரம்பும். இறந்தால் சேர்த்த காசு இறந்த இடத்திலேயே தங்கிவிடும். தன் நிழலுருவை அங்கே போய் வென்றால்தான் அது திரும்பும். வழி தவறும் அச்சத்தையும் வழி கண்ட நிம்மதியையும் இவ்வளவு கூர்மையாகத் தந்த ஆட்டம் வேறில்லை. இதன் அடுத்த பாகமான 'சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4 அன்று வெளியானபோது, வாங்க வந்தவர்களின் நெரிசலில் இணையக் கடைகள் முடங்கின.

இந்தியத் தொடர்பு

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தொடரின் 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தை மீளுருவாக்கும் பணி யூபிசாப்ட் நிறுவனத்தின் புனே, மும்பை கூடங்களிடம் இருப்பதாக 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2022இல் அது மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. அதே தொடரில் யூபிசாப்டின் பிரான்சு நாட்டு மான்பெல்லியே கூடம் 2024 ஜனவரியில் வெளியிட்ட 'தி லாஸ்ட் கிரவுன்' முழுமையான மெட்ராய்டுவேனியா. திறக்காத கதவைக் கண்டால் அவ்விடத்தைப் படமெடுத்து வரைபடத்தில் குத்திவைக்கும் வசதி இதன் சிறப்பு. 1986இல் ஆட்டக்காரர் தாளில் குறித்துவைத்ததை இப்போது ஆட்டமே அவருக்காகக் குறித்து வைக்கிறது.