மைக்கறையும் கணவாயும்

‘பிளர்’ என்பது 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுத்தின்மேல் படிந்த மைக்கறையைக் குறித்தது. மங்கலான தோற்றம் என்னும் பொருள் பின்னர் வந்தது. சிங்கப்பூரிலோ அச்சொல் மனிதர்மேல் ஏறிற்று. ‘அவன் பிளர்’ என்றால் நடப்பது விளங்காமல் விழிப்பவன் என்று பொருள். 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி இப்பொருளை ஏற்றது. மலாய்ச் சொல்லாகிய ‘சோத்தோங்’கும் உடன் இடம்பெற்றது. தேக்கா சந்தையில் நாம் கணவாய் என்று கேட்டு வாங்குவது அதுவே. ‘சோத்தோங் போல பிளர்’ என்பது இவ்வூர் உவமை. துரத்தும் மீனை மை பீய்ச்சிக் குழப்பித் தப்பும் உயிரியைக் குழம்பியவருக்கு உவமையாக்கியது வேடிக்கைதான். ஆயினும், மையில் பிறந்த சொல் மையிடமே வந்து சேர்ந்தது.

தமிழில் குழம்புதலும் கலங்குதலும் நீருக்கும் நெஞ்சுக்கும் பொது. சிராங்கூன் சாலை உணவகங்களில் இலையில் ஊற்றப்படும் குழம்பும் இவ்வுறவினதே. இவற்றின் மறுதலையாகிய தெளிதலும் அவ்வாறே நீருக்கும் உரியது. ‘பிளர்’ ஆளோடு அடைமொழியாய் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் அது வினை. வகுப்பில் ஒரு பிள்ளையை ‘பிளர்’ என்றால் அது அப்பிள்ளையின் இயல்பாகிவிடும். ‘குழம்பியிருக்கிறது’ என்றாலோ, எவ்விடத்தில் குழம்பியது என்று ஆசிரியர் அடுத்துக் கேட்டாக வேண்டும்.