ஷெல் நிறுவனம்

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு எண்ணெய், எரிவாயு நிறுவனம். நெதர்லாந்தின் ராயல் டச்சு, பிரிட்டனின் ஷெல் ஆகிய இரண்டும் 1907இல் கைகோத்ததில் உருவானது. அப்போது பங்கு முறையே 60, 40 விழுக்காடாக இருந்தது.

தோற்றம்

லண்டனில் கிளிஞ்சல் வணிகம் செய்த சாமுவேல் குடும்பமே ஷெல்லின் மூலம். பெயரும் சின்னமும் அங்கிருந்து வந்தவை. மண்ணெண்ணெயைத் தகர டின்களில் அடைத்துக் கப்பலேற்றிய காலம் அது. அக்குடும்பத்து மகன் மார்க்கஸ் சாமுவேல் கப்பலையே எண்ணெய்த் தொட்டியாக்கினார். 1892இல் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயுடன் சூயஸ் கால்வாயைக் கடந்து ஆசியாவுக்கு வந்தது. ராயல் டச்சு, சுமத்ராவில் எண்ணெய் எடுக்க 1890இல் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர் ஹென்றி டிடெர்டிங். இந்தியாவில் 1928இல் அமைந்த பர்மா ஷெல் 1976இல் நாட்டுடைமையாகி, இன்றைய பாரத் பெட்ரோலியம் ஆனது.

சர்ச்சைகள்

பயன் முடிந்த 'பிரென்ட் ஸ்பார்' எண்ணெய்த் தொட்டியை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கும் திட்டத்தை 1995இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் எதிர்ப்பால் ஷெல் கைவிட்டது. அதில் எஞ்சியிருந்த எண்ணெயின் அளவைத் தவறாகச் சொன்னதற்கு கிரீன்பீஸும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. எண்ணெய் இருப்பைக் கூட்டிக் காட்டியது 2004இல் வெளிப்பட, தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். கரியமில வெளியேற்றத்தை 2030க்குள் 45 விழுக்காடு குறைக்குமாறு ஹேக் நீதிமன்றம் 2021இல் இட்ட உத்தரவு 2024இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

நைஜர் கழிமுகம்

ஷெல் வரலாற்றின் ஆறாத புண் நைஜர் கழிமுகமே. நைஜீரியாவின் ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. அடுத்து அதே கழிமுகத்தில் வாழும் ஒகோனி மக்களின் நிலத்திலும் கிணறுகள் எழுந்தன. எண்ணெயுடன் வந்த எரிவாயு ஊரருகே இரவும் பகலும் எரிந்தது. குழாய்களில் கசிந்த எண்ணெய் வயலிலும் அலையாத்திக் காடுகளிலும் படிந்தது; மீன்பிடி அழிந்தது. எழுத்தாளர் கென் சரோ-விவா திரட்டிய அறப்போராட்டம் வலுத்ததும், 1993இல் ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. ஒகோனித் தலைவர்கள் நால்வர் கொலைக்குத் தூண்டியதாக, ராணுவ ஆட்சியின் சிறப்புத் தீர்ப்பாயம் அவரைத் தண்டித்தது. 1995 நவம்பர் 10 அன்று அவரும் எட்டுத் தோழர்களும் தூக்கிலிடப்பட்டனர். நேர்மையான விசாரணை நடக்கவில்லை என்று உலகமே கண்டித்தது. அடக்குமுறைக்கு ஷெல் துணைபோனதாக நியூயார்க்கில் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில், 2009இல் நிறுவனம் பொறுப்பை ஏற்காமலேயே 1.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

கசிவுகளுக்குப் பெரும்பாலும் திருட்டும் நாசவேலையுமே காரணம் என்பது ஷெல்லின் வாதம். திருட்டு நடப்பது உண்மை. ஆயினும் நிறுவனம் தன் சொந்தப் பராமரிப்பு விதிகளையே கடைப்பிடிக்கவில்லை என ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2011 அறிக்கை கூறியது. அரசு எண்ணெய் நிறுவனக் குழாயை ஒட்டிய ஓரூரில், குடிக்கும் கிணற்று நீரில் பென்சீன் அனுமதித்த அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. நிலத்தை மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்றது அறிக்கை. 2008இல் நேர்ந்த குழாய் உடைப்புகளுக்காக ஒகோனி நிலத்தின் போடோ ஊர் மக்களுக்கு ஷெல் 2015இல் 5.5 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது.

தன் நைஜீரிய நிலப்பகுதி எண்ணெய்த் தொழிலை 2025 மார்ச்சில் ஷெல் விற்றது. விற்றவுடன் பழைய கசிவுகளின் பொறுப்பும் கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது. அதே ஆண்டு ஜூனில் நைஜீரிய அதிபர் டினுபு, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு போதாது, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அரசே அறிவிக்க வேண்டும் என்பதுதான் ஒகோனி மக்களின் கோரிக்கை.